மூடியை மாட்டியவர்

தெற்குத் துறையில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருந்த சலேத் மேஸ்திரிக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் தொழில் கற்ற இருவரும் அவரைவிட மூத்தவர்கள். லியோனுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்பது ஆண்டுகளாக அங்கே இருந்தார். தொபியாஸுக்கு நாற்பத்தைந்து. போன மழைக்குப் பிறகு வந்தவர்.

எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்கும்போது மேஸ்திரி கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், உங்களுக்கு என்ன கேட்டது என்று விசாரிப்பார். எட்டு ஆண்டுகள் அந்தக் கேள்வி லியோனிடம் வந்தது. இப்போது தொபியாஸிடம் போனது.

லியோன் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் ஒரு நாளில் மேஸ்திரி தொபியாஸை எத்தனை முறை கூப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் மனைவி, குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டதற்கு, தொபியாஸைக் கேள் என்றார். தொபியாஸ் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

வடக்குத் துறையில் மேஸ்திரி இன்னொரு பட்டறை திறக்கப் போகிறார். அதை யாரிடம் ஒப்படைப்பார் என்று இன்னும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளும் லியோன் காத்திருந்தது அதற்குத்தான்.

ஒரு நாள் காலை அவர் கேட்டேவிட்டார்.

"மேஸ்திரி, தொபியாஸ்கிட்ட அப்படி என்ன கண்டீங்க, எங்கிட்ட இல்லாதது?"

மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையாலேயே துறைச் சுவரில் கட்டியிருந்த ஒரு படகைக் காட்டினார்.

"அதைப் பாருங்க அண்ணே. சாயங்காலம் பேசுவோம்."

அது தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகு. பின்னால் தொங்கிய எஞ்சின் பழையது. ஓட்டுநர் கபிரியேல் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு லிவரைத்தான் பிடிப்பார். லிவர் நேராக நின்றால் நியூட்ரல். தள்ளினால் கியர் விழும், இன்னும் தள்ளினால் வேகம் ஏறும். கியருக்கு ஒரு கேபிள், வேகத்துக்கு ஒரு கேபிள். இரண்டும் படகின் ஓரமாக ஓடி எஞ்சினுக்குள் போகும்.

கபிரியேல் தன் குறையை நீட்டி முழக்கிச் சொன்னார். கியர் நறநறவென்று தாமதமாக விழுகிறது. விழுந்தபின் எளிதில் விடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை நியூட்ரலுக்கு வராமல் நேரே சுவரில் போய் முட்டியது.

"போன்னா யோசிக்குது, நில்லுன்னா போகுது. என் வீட்டுல ஏற்கெனவே அப்படி ஒரு மகன் இருக்கான். இன்னொண்ணு எனக்கு வேண்டாம்."

தொபியாஸ் உதவிக்கு வந்தார். லியோன் அவரைச் சாப்பிடப் போகச் சொன்னார். மணி பதினொன்றுதானே என்றார் தொபியாஸ். அப்படியானால் மெதுவாகச் சாப்பிடு என்றார் லியோன்.

இரண்டு கேபிள்களையும் கழற்றி, உப்பைச் சுரண்டி, கிரீஸ் ஏற்றினார். திரும்ப மாட்டும்போது முதலில் கியரைச் சரிசெய்ய வேண்டும், வேகத்தைப் பிறகு. லியோன் வேகத்தை முதலில் கட்டினார். லிவரைத் தொட்டதும் எஞ்சின் சீறினால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். மேஸ்திரியும் பார்ப்பார்.

கியர் கேபிளைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் ஓடாதபோது கியரின் பற்கள் தாமாகச் சேராது. ஒருவர் பின்னால் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். அப்போது இன்னொருவர் லிவரைத் தள்ள வேண்டும். அந்தப் பட்டறையில் முதல் நாளே சொல்லித்தருவது இது.

தொபியாஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். சுவர் நிழலில் கபிரியேலோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

லியோன் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் லிவரைத் தள்ளினார். அது மறுத்தது. எழுந்து நின்று உடம்பின் பாரத்தோடு தள்ளினார். உள்ளே எதுவோ மெல்ல மடங்கியது உள்ளங்கையில் தெரிந்தது. கியர் விழுந்தது.

லிவரைத் திரும்ப நேராக நிறுத்திவிட்டுப் பின்னால் போனார். படுத்து, விசிறியைச் சுற்றிப் பார்த்தார். நியூட்ரலில் அது இரண்டு பக்கமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் சுற்றியது. மறுபக்கம் நின்றுவிட்டது. லிவர் நியூட்ரலில் நின்றது. கியர் விடவில்லை. சாவி போட்டால் படகு நேரே முன்னால்தான் பாயும்.

இனிப் புதுக் கேபிள் போட வேண்டும். கெடுத்தது யார் என்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்தார். வெயில் தண்ணீரின் மேல் ஆயிரம் துண்டுகளாகக் கிடந்தது.

அப்போது தொபியாஸ் வந்தார். முடிந்ததா அண்ணே என்று கேட்டார். லியோன் வாய் திறப்பதற்குள் எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்து, இரண்டு கொக்கிகளையும் மாட்டிவிட்டார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் மூடியை மாட்டுகிறாரோ, சோதனை ஓட்டத்தில் அவர்தான் அணியத்தில் உட்கார வேண்டும். அணியம் என்பது படகின் முன்முனை. அங்கே படகுகளை முன்முனை சுவரைப் பார்க்கத்தான் கட்டுவார்கள். ஆகவே உட்கார்ந்தவர் இரு கால்களையும் வெளியே விட்டு, சுவரில் ஊன்றி, படகைப் பின்னுக்குத் தள்ளிக்கொடுக்க வேண்டும். நல்ல மெக்கானிக்கை நொண்டாத நடையிலேயே கண்டுபிடிக்கலாம் என்று துறையில் கேலி செய்வார்கள்.

தொபியாஸ் அணியத்தில் ஏறி உட்கார்ந்தார். கால்களைச் சுவரில் வைத்தார். கபிரியேல் தன் இடத்துக்கு வந்தார்.

மேஸ்திரி சுவர்மேல் வந்து நின்றார்.

"நியூட்ரல் பாத்தாச்சா?"

தொபியாஸ் லியோனைத் திரும்பிப் பார்த்தார். லியோன் தலையசைத்தார். மிகச் சிறிய அசைவு. ஓர் ஈயை விரட்டக்கூடப் போதாது.

மேஸ்திரியின் பார்வை லியோனின் கையில் நின்றது. விசிறியைச் சுற்றியதில் அது தோள்வரை நனைந்திருந்தது. பிறகு அவர் தொபியாஸை இறங்கிவந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். செருப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு அணியத்தில் ஏறி உட்கார்ந்தார். கால்களைச் சுவரில் ஊன்றினார்.

"இன்னைக்கு நான் தள்ளுறேன்."

கபிரியேல் சாவியை நுழைத்தார்.

"வேண்டாம்," என்றார் லியோன். "சாவிய எடு கபிரியேல். கியர் விடல. நான் ஒத்தையில அழுத்தித் தள்ளினேன். கேபிள் உள்ள மடங்கிப்போச்சு. எனக்குத் தெரியும்."

கபிரியேல் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார். கயிற்றைப் பிடித்தபடி நின்ற தொபியாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

மேஸ்திரி திட்டவில்லை. பட்டறையிலிருந்து புதுக் கேபிளைக் கொண்டுவந்து லியோனிடம் கொடுத்தார். பழையதை உருவிப் புதியதை இழுக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு லியோன் குப்புறப் படுத்து விசிறியைப் பிடித்தார். தொபியாஸ் லிவரில் கை வைத்தார்.

"சுத்துங்க அண்ணே."

"சுத்துறேன்."

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"இப்ப நியூட்ரல்."

லியோன் இரண்டு பக்கமும் சுற்றினார். "ரெண்டு பக்கமும் போகுது."

"நெசமாவா?"

அது கேலியா கேள்வியா என்று லியோனுக்குத் தெரியவில்லை. "வந்து பாரு," என்றார்.

தொபியாஸ் எழுந்து வந்து, படுத்து, தன் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

கியருக்குப் பிறகு வேகத்தைக் கட்டினார்கள். மூடியை லியோன் மாட்டினார். அணியத்தில் லியோன் உட்கார்ந்தார். படகு பூவை எடுப்பதுபோல் சுவரை விட்டு விலகியது. போய்த் திரும்பி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கபிரியேல் அதைத் தட்டிக்கொடுத்தார். தன் மகனையும் இங்கே கொண்டுவந்து விடலாமா என்று கேட்டார்.

சாயங்காலம் வடக்குப் பட்டறை தொபியாஸுக்கு என்று மேஸ்திரி சொன்னார். தொபியாஸ் போன பிறகு லியோன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேபிள மடக்கினதாலயா மேஸ்திரி?"

"கேபிள் நானும் மடக்கியிருக்கேன்."

"தலையாட்டினதாலயா?"

மேஸ்திரி ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்து அதனதன் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேனே மேஸ்திரி. எஞ்சின் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே."

"சொன்னீங்க அண்ணே. தொபியாஸ் உக்காந்திருந்தப்ப இல்ல, நான் ஏறி உக்காந்ததும் சொன்னீங்க."

கடைசி ஸ்பானரை மாட்டினார்.

"வடக்குத் துறையில அணியத்துல நான் உக்கார மாட்டேன்."