மொட்டை டயரில் ஒரு சாகசப் பயணம்

ஆவாரங்கோட்டை ராஜா ரணசூரத் துரைக்குச் சாகசம் செய்ய ஆசை வந்துவிட்டது. ராஜாக்களுக்கு ஆசை வந்தால் அடுத்தவர்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

மோட்டார் வண்டிகள் புதிதாக வந்திருந்த காலம் அது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து, பாலைவனத்தைத் தாண்டிவிட்டான் என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். உடனே ராஜா மெத்தை, அடுப்பு, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் வைத்து ஒரு வேன் கட்டச் சொன்னார். வேன் தயார். டயர்தான் பாக்கி.

"மலை, மணல், சேறு, மூன்றிலும் ஓட வேண்டும். எங்கேயும் வெடிக்கக் கூடாது. அப்படி ஒரு டயர் யாரிடம் இருக்கிறது?" என்று சபையில் கேட்டார்.

திவான் கோதண்டபாணி இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். அவருடைய மைத்துனர் பட்டணத்தில் டயர் கடை வைத்திருந்தார். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்களைச் சபைக்கே உருட்டிவரச் செய்து, "இதைப் போட்டால் இமயமலையே ஏறலாம், மகாராஜா. நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்றார்.

"எங்கே சோதித்தீர்கள்?" என்று கேட்டார் குற்றாலிங்கம் பிள்ளை.

"அரண்மனை முற்றத்தில்."

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அந்த வாயால்தான் அவருக்குச் சோறு, வம்பும் அதே வாயால்தான். "முற்றத்தில் என் வீட்டு ஆட்டுக்கல்லை உருட்டிவிட்டாலும் ஓடுமே, திவான் அவர்களே" என்றார்.

சபை சிரித்தது. திவானின் முகம் கறுத்துப்போயிற்று. "அவ்வளவு தெரிந்தவர் என்றால் இவரே டயரைத் தேர்ந்தெடுக்கட்டும். வழியில் ஒன்று வெடித்தாலும் குடும்பத்தோடு சமஸ்தானத்தை விட்டுப் போய்விட வேண்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஓய் பிள்ளை, இனி உம்ம பாடு" என்றார்.

பிள்ளை குடியிருந்த வீடே அரண்மனை கொடுத்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது? டயரைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் திவானைப் பற்றி நன்றாகத் தெரியும். நேரே பஸ் ஷெட்டுக்குப் போனார். இனி உதவாது என்று கழற்றி மூலையில் போட்டிருந்த மொட்டை டயர்களைக் கேட்டு வாங்கி வேனில் மாட்டச் சொன்னார். சக்கரத்தை மறைத்துப் பட்டுத் திரை தொங்கவிட்டு, "திருஷ்டி பட்டுவிடும், பயணம் முடிகிறவரை பார்க்க வேண்டாம்" என்று ராஜாவிடம் சொல்லிவைத்தார்.

திவான் பார்க்காமல் விடுவாரா? யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திரையை விலக்கினார். மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். முதல் கல்லிலேயே வெடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அங்கேதான் சிக்கல். ராஜா கிளம்பினால் ஊர் ஊராக முன்கூட்டியே உத்தரவு போக வேண்டும். பள்ளத்தைத் தூர்த்து, சரளை கொட்டி, தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். ஆவாரங்கோட்டையில் அது வழக்கம், உத்தரவு அனுப்புவது திவானின் பொறுப்பு. உத்தரவு அனுப்பாமல் விட்டு டயர் வெடித்தால் பிள்ளை போவார், வாஸ்தவம். ராஜாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் போவது யார்? திவான் விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் எப்போதும்போல உத்தரவை அனுப்பிவிட்டார்.

பயணம் ஜோராக நடந்தது. கரட்டுமலைப் பாதையில் புதுச் சரளை. தேரி என்கிற செம்மணல் மேட்டில் பனையோலைப் பாய். சேற்றில் பலகை, அதன்மேல் வைக்கோல். ராஜாவின் காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"இதுதான் அந்தப் பயங்கரமான மலையா?" என்று கேட்டார் ராஜா.

"இதேதான், மகாராஜா. மாட்டு வண்டிக்காரர்கள் பேரைக் கேட்டாலே அழுவார்கள்" என்றார் பிள்ளை.

"சோம்பேறிகள்" என்றார் ராஜா, காபியை உறிஞ்சிக்கொண்டே.

அரண்மனைக்குத் திரும்பியதும் திவானுக்குப் பொறுக்கவில்லை. திரையை இழுத்துக் கிழித்துப் போட்டார். "பாருங்கள், மகாராஜா. அத்தனையும் மொட்டை டயர். உங்கள் உயிரோடு விளையாடியிருக்கிறார் இந்த மனுஷன்."

ராஜா குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன ஓய் இது?"

"நீங்கள் போகிற ரோட்டுக்கு இதுவே அதிகம், மகாராஜா" என்றார் பிள்ளை. "சந்தேகம் இருந்தால் திவானின் டயரை மாட்டிக்கொண்டு நாளைக்கு அதே வழியில் போவோம். யாரிடமும் சொல்லக் கூடாது. திவானும் நம் கூடவே இருக்கட்டும்."

மறுநாள் போனார்கள். எதிரே வண்டி வண்டியாகச் சரளையும் பாயும் பலகையும் வந்துகொண்டிருந்தன. ராஜா வேனின் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, "இதையெல்லாம் எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டார்.

உள்ளே யார் என்று பார்க்காமலே ஒரு வண்டிக்காரர், "ராஜாதான் வந்துட்டுப் போயாச்சுல்லா. இனி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார்.

கரட்டுமலையில் ராஜாவின் தலை வேன் கூரையில் இடித்தது. காபி வேட்டியில் கொட்டியது. தேரியைத் தாண்டுவதற்குள் ஆளுயரக் கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. சேற்றில் வேன் அச்சுவரை இறங்கிவிட்டது. ராஜாவே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பல் வைத்த டயர் நின்ற இடத்திலேயே சுற்றி, ராஜாவின் மேலும் திவானின் மேலும் வஞ்சனை இல்லாமல் சேற்றை வாரி இறைத்தது.

ராஜா மீசையைத் துடைத்துக்கொண்டார். "அப்படியென்றால் அன்றைக்கு நான் மலையே ஏறவில்லையா?"

"திவானின் உத்தரவுமேல் ஏறினீர்கள், மகாராஜா."

திவான் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தன் கோலத்தைப் பார்த்தார், திவானின் கோலத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ஜெயித்துவிட்டீர், பிள்ளை. குடியிருக்கும் வீடு இனி உமக்கே சொந்தம். வேறு என்ன வேண்டும்?"

"அடுத்த மாதம் எல்லா ஊருக்கும் வரப்போவதாக ஒரு உத்தரவு போடுங்கள், மகாராஜா."

"இந்த ரோட்டிலா? சரி, உமக்காக வருகிறேன்."

"ஐயையோ, வந்துவிடாதீர்கள்" என்றார் பிள்ளை. "வந்தால் மறுநாளே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ரோடு நிற்கும்."