பந்தியில் எழுந்தவள்

"சாமி, எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும்," என்றாள் துளசிமணி.

மடத்துச் சாமி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். அன்று பௌர்ணமி. மடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு.

"யாருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு. அமுதினியை என் சொந்த விருப்பத்தில் நிறுத்திக்கிறேன், டி.சி. கொடுங்கன்னு."

"விருப்பமா?"

"இல்லை சாமி."

அமுதினி அவள் மகள். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் ஒரு வரிதான் எழுதுவாள். அந்த ஒரு வரியில் பிழை இருக்காது. பேச்சு குறைவு. அவள் மேல் இருந்த புகார் மொத்தமும் இதுதான்.

"பெரிய மிஸ் என்ன சொல்றாங்க?"

"மரியாதையாத்தான் சொல்றாங்க. இவளை மாதிரி பிள்ளைங்களுக்குத் தனியா பள்ளிக்கூடம் இருக்காம். அங்கே சந்தோஷமா இருப்பாளாம். எல்லாம் குழந்தை நல்லதுக்குத்தானாம்."

"இருக்கா?"

"இருக்கு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஆனா டாக்டர் அப்படிச் சொல்லலை சாமி. இதே பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்கார். மணிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீங்க, எழுத இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்க, வாரத்தில் ரெண்டு நாள் தனியா சொல்லிக் கொடுக்க ஆள் வரட்டும். இவ்வளவுதான். மிஸ் அந்தச் சீட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை."

"அனுப்பணும்னா அவங்களே அனுப்ப வேண்டியதுதானே?"

"அவங்க அனுப்பினா ஏன்னு மேலே கேப்பாங்களாம். நானா கேட்டு வாங்கினா யாரும் கேக்க மாட்டாங்களாம். ஆபீஸ் கிளார்க் காதோடு காதா சொன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"திங்கட்கிழமை எழுதிக் கொண்டு வர்றேன்னேன். அவங்க படிச்சவங்க. அவங்களோட என்னன்னு மல்லுக்கட்டுறது?"

சாமி கடைசி வாழைக்காயைச் சீவி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"கடுதாசி அப்புறம். முதல் பந்தி போடறாங்க. பிள்ளையோட போய் உட்காரு."

உட்கார்ந்தார்கள்.

இலை விழுந்தது. பொரியல் விழுந்தது. அப்பளம், சோறு. சாம்பார் வாளியைச் சாமியே தூக்கிக்கொண்டு வந்தார். துளசிமணியின் இலைக்கு எதிரே வந்ததும் குனிந்தார்.

"தாயி, இங்கே ரொம்ப நெருக்கடி. சத்தம் வேற. பிள்ளைக்கு ஒத்துக்காது. கொல்லைப்பக்கம் தனியா ரெண்டு இலை போடச் சொல்றேன். உங்க நல்லதுக்குத்தான்."

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சோறு விழுந்த இலையிலிருந்து ஒருவரை எழுப்புவது என்ன மாதிரி காரியம் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கல்யாண வீட்டில் அப்படி நடந்ததால் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு.

துளசிமணிக்கு முகம் எரிந்தது. ஒன்பது வருஷமாக இந்த மடத்துக்கு வருகிறாள். இந்தப் பாத்திரங்களைத் தேய்த்திருக்கிறாள்.

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அமுதினி, வா."

அமுதினி வரவில்லை. இடது கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வலது கையால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அமுதினி, எழுந்திரு."

"சாப்பிடறேன்," என்றாள் அமுதினி.

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

"தாயி, உன்னைக் கையைப் பிடிச்சுத் தூக்கினேனா?"

"இல்லை."

"எழுந்திருன்னு சொன்னேனா?"

துளசிமணி யோசித்துப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

"பின்னே ஏன் எழுந்தே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அமுதினிக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்கே ஊத்தட்டும்?"

அமுதினி இலையின் ஓரத்தைக் காட்டினாள். சோற்றில் படாமல் அங்கே ஒரு கரண்டி ஊற்றினார். அதனால் யார் குடியும் முழுகிப் போகவில்லை. பந்தி அது பாட்டுக்கு நடந்தது.

துளசிமணி அதே இலையில் திரும்ப உட்கார்ந்தாள். சாமி மேல் கோபம் வந்தது. பெரிய மிஸ் மேல் வந்தது. தன் மேல் வந்த கோபம்தான் அடங்கவே இல்லை. சோற்றை ஆத்திரமாகப் பிசைந்து சாப்பிட்டாள். மறுசோறும் கேட்டு வாங்கினாள்.

கிளம்பும்போது சாமி கூப்பிட்டார்.

"கடுதாசி கேட்டியே."

ஒரு தாளை நீட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

துளசிமணி அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பெரிய மிஸ்ஸின் அறை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

"எழுதிட்டு வந்துட்டீங்களா?"

வெறும் தாளை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க மிஸ்."

"நானா? நான் என்ன எழுதணும்?"

"என்ன காரணத்துக்காக என் பொண்ணை அனுப்புறீங்கன்னு. கீழே உங்க கையெழுத்து, தேதி, சீல்."

"நாங்க எங்கே அனுப்புறோம்? உங்க பொண்ணு நல்லதுக்குத்தானே சொல்றோம்."

"அதையும் எழுதுங்க மிஸ்."

மிஸ் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். மூடிவிட்டார்.

துளசிமணி பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துப் பிரித்து, அந்த வெறும் தாளின் மேல் வைத்தாள்.

"எழுத முடியலைன்னா இதைப் படிங்க."

வெளியே மணி அடித்தது. மிஸ் எழுந்துகொண்டார்.

"நான் வகுப்பெல்லாம் சுத்திப் பார்க்கணும். நேரம் ஆகும். உங்களுக்கும் வேலை இருக்கும், சிரமம் வேண்டாம். இன்னொரு நாள் பேசிக்கலாம்."

கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"துளசிமணி, நீங்க கிளம்பலையா?"

"உட்கார்ந்திருக்கேன் மிஸ்," என்றாள் துளசிமணி.