ஒரே ஒரு போர்ட்

ஸ்விட்ச் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தெட்டு வயது. கற்றுக்கொடுத்த ஜமீலாவுக்கு முப்பத்து நாலு. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

முதல் நாள் அவள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற இரும்புப் பெட்டியைக் காட்டினாள். கேபிள் செருகும் வாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு போர்ட் என்று பெயர்.

“பெட்டி ஒண்ணுதான் சார். உள்ள நாலாப் பிரிச்சிருக்கோம், நாலு பேருக்கு. ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரும் பெட்டி முழுக்கத் தன்னோடதுன்னு நினைச்சுக்குவாங்க.”

“நடுவுல சுவர் எங்க மேடம்?”

“எந்த போர்ட் யாருக்கு, அது என்ன பண்ணணும்னு எழுதிவச்சிருக்கோம் இல்ல, அதான் சுவர்.”

மூன்றாம் மாதம் ஒரு காலையில், பெட்டியின் ஒரு பிரிவுக்கு இன்னும் ஒரு போர்ட் வேண்டும் என்று கேட்டார்கள். பொன்னுரங்கம் யாரிடமும் சொல்லாமல் தானே மாற்றிக் கொடுத்தார். அடுத்த நிமிடம் பக்கத்துப் பிரிவில் இருந்த கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் காட்டும் திரை நின்றுபோனது. ஜமீலா ஓடிவந்து சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அங்கே கண்ணில் மருந்து விட்டுக்கொண்டவர்கள் நின்றபடி இருந்தார்கள்.

ஜமீலா ஆஸ்பத்திரிக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். யாரால் வந்தது என்று கேட்டார்.

“இருதயராஜ் காலையில அந்த வரிசையில கேபிள் மாத்தினான் சார்,” என்றார் பொன்னுரங்கம். “சரியா அழுத்தாம விட்டிருப்பான்.”

இருதயராஜ் ஒப்பந்தத்தில் கேபிள் வேலை பார்ப்பவன். அவனுடைய கார்டை வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார வைத்தார்கள். சாயங்காலத்தோடு நிறுத்திவிடுவதாகப் பேச்சு.

ஒரு மணிக்கு அவன் பொன்னுரங்கத்துக்குத்தான் போன் செய்தான்.

“அண்ணே, என் டிபன் டப்பா உள்ளேயே இருக்கு. கார்டு இல்லாம விட மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?”

எடுத்துக்கொண்டு போனார். இருதயராஜ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நல்லா அழுத்தின மாதிரிதான் ஞாபகம்ணே. கிளிக்குனு சத்தம்கூடக் கேட்டுச்சு. இப்ப யோசிச்சா, கேட்டுச்சான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க சாப்டீங்களா?”

“சாப்டேன்,” என்றார் பொன்னுரங்கம், ஹெல்மெட்டைப் பார்த்தபடி. அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

நேராக ஜமீலாவிடம் வந்தார்.

“நான் நகர்த்தினது ஒரு போர்ட் மேடம். ஒண்ணே ஒண்ணு. கூட இன்னும் மூணு சேர்ந்து நாலு போர்ட் எப்படிப் போச்சு?”

பழகுவதற்கென்று வைத்திருந்த பெட்டியின் முன் அவரை உட்கார வைத்தாள்.

“காலையில பண்ணினதையே பண்ணுங்க.”

தட்டினார். திரையில் சில வரிகள் வந்து நின்றன.

“என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க.”

“இந்த போர்ட் தனி இல்ல. நீங்க சொல்லாத போர்ட்டும் கூடவே போகும். போற போர்ட்ல எழுதியிருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். சம்மதமா?”

“காலையிலயும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“என்ன பண்ணீங்க?”

“என்டர் தட்டினேன்.”

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மேனேஜர்கிட்டயும் ஒரே ஒரு பேரைத்தான் சொன்னேன்,” என்றார்.

“ரூம்லதான் இருக்கார்,” என்றாள் ஜமீலா.

போய்ச் சொன்னார். மூன்று மாதம் பெட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவானது. இருதயராஜின் கார்டு திரும்பக் கிடைத்தது. வாசலுக்குப் போய் அவனிடமும் நடந்ததைச் சொன்னார்.

“விடுங்க,” என்றான் அவன். டிபன் டப்பாவைத் துடைத்து மூடினான்.

ஒரு வாரம் போனது. இருதயராஜ் இப்போது ஒவ்வொரு கேபிளையும் செருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பொன்னுரங்கம் அந்தப் பக்கம் வந்தால் எழுந்து ஒதுங்கி நின்றான்.

“நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க சார்,” என்றான்.

அண்ணே என்று கூப்பிடுவதை விட்டிருந்தான்.

பொன்னுரங்கம் ஜமீலாவிடம் வந்து நின்றார்.

“எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன் மேடம். கார்டும் குடுத்தாச்சு. அவன் இடத்துக்கு அவன் வந்துட்டான். அப்புறமும் ஏன் இப்படி?”

ஜமீலா திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“அன்னைக்கு அந்த நாலு போர்ட்டையும் அது அது இருந்த இடத்துக்குக் கொண்டுவர எனக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு சார். அழிஞ்சதை ஒவ்வொரு வரியா மறுபடி எழுதத்தான் மீதி முப்பத்தெட்டு நிமிஷம்.”