விடுதலை கொடுக்கப் போன நீர்நாய்கள்

ஆனி மாதம் மூன்றாம் நாள் காலை, வெண்ணீர் ஏரியின் வடகரையில் அறுபத்திரண்டு நீர்நாய்கள் கூடின. அவற்றின் தலைவன் பெயர் நீள்வாலன்.

வடகரையில் மீனுக்குக் குறைவில்லை. வம்புக்கு வருவாரும் இல்லை. ஆனாலும் நீள்வாலனுக்குச் சில நாட்களாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஏரி நடுவே ஒரு மணல்தீவு. அதை ஆண்டது ஒரு கிழட்டு முதலை. அது பாறையில் ஏறினால் போதும், கொக்குகள் எல்லாம் எழுந்து, "அரசே!" என்று கழுத்தை வளைக்கும். நீள்வாலன் அந்தப் பக்கம் நீந்தினால் ஒரு கொக்குகூடத் திரும்பாது.

"பாதிப் பல் இல்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அது அரசனாம்!" என்று பொருமுவான்.

அன்று தீவிலிருந்து ஓடழகி என்ற ஆமை நீந்தி வந்திருந்தாள்.

"அண்ணே, முதலை எங்கள் ஒவ்வொரு குழியிலும் பத்து முட்டை தின்கிறது. இனிமேலாவது எங்கள் குஞ்சுகள் எல்லாம் பொரிய வேண்டும். உதவுங்கள்!"

நீள்வாலனின் கண் மின்னியது.

"அழாதே தங்கச்சி! அதை விரட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறோம்."

பூஞ்செவி என்ற கிழ நீர்நாய் கனைத்தாள்.

"திரும்புவாயா? நம் சட்டம் என்ன? நீர்நாயின் எச்சம் விழுந்த இடம் நீர்நாய்க்குச் சொந்தம். இத்தனை பேர் போகிறீர்கள். இத்தனை வயிறும் சும்மா இருக்குமா?"

எல்லா நீர்நாய்களும் சிரித்தன.

"ஒரு துளி விழாது, ஆத்தா! என் மீசைமேல் ஆணை!" என்றான் நீள்வாலன்.

மறுநாள் காலை படை நீந்தியது. சண்டை அரை நாழிகைதான். பத்து நீர்நாய்கள் முதலையின் வாலைக் கடித்தன, மற்றவை கத்தின. முதலை தென்கரைக்கு ஓடிப்போனது. ஆமைகள் ஆனந்தத்தில் ஓட்டோடு ஓடு மோதிக்கொண்டன.

"நன்றி அண்ணே! புறப்படுகிறீர்களா?" என்றாள் ஓடழகி.

"வெற்றி விருந்து ஒன்று சாப்பிட்டுவிட்டு, தங்கச்சி."

விருந்துக்காக நீள்வாலன் பாறையில் ஏறினான். கொக்குகள் எழுந்தன. "அரசே!" என்று கழுத்தை வளைத்தன. அவன் மீசை துடித்தது. இன்னும் நான்கு மீன் தின்றான். அப்புறம் இன்னும் நான்கு.

உச்சிவெயில் வருவதற்குள் வயிறுகள் தம் வேலையைச் செய்துவிட்டன. மணலில், புல்லில், பாறையில் எங்கும் எச்சம். முதலில் உட்கார்ந்தவன் தலைவன்தான்.

"அண்ணே! ஆணையிட்டீர்களே!"

"வேண்டுமென்றா செய்தோம்? வயிற்றுக்கு யார் கட்டளையிடுவது? ஆனால் சட்டம் சட்டம்தான். தீவு இனி எங்கள் பொறுப்பு. காவலுக்கு நிற்கிறவனுக்குப் பசிக்கும் அல்லவா? குழிக்கு எட்டு முட்டை போதும். முதலையைவிட இரண்டு குறைவு!"

"குறைவாகத் தின்னும் அரசனையா நாங்கள் கேட்டோம்?" என்று கத்தினாள் ஓடழகி.

நீள்வாலன் காதில் அது விழவில்லை. அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இரண்டு தீவுகள் தெரிந்தன. அவற்றை ஆண்டது ஓர் உடும்பு.

"அந்த உடும்புக்கு இரண்டா!" என்றான். மீண்டும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறு ஆண்டு வைகாசி பதினோராம் நாள், நீர்நாய்கள் கிழக்குத் தீவுகள் இரண்டையும் பிடித்தன. படைக்குச் சாப்பாடு போதவில்லை. அன்று மாலை ஓடழகியின் குழியில் ஒரு முட்டையும் இல்லை.

பொறாமையோடு உதவ வருகிறவன் கொடியவனை விரட்டியதும் அவன் இடத்தில் தானே உட்காருவான்.