விலா எலும்புக்குள் மாதுளை

“டீச்சர், இந்தப் படத்துல ஜெயிக்கிறது எது? எலும்பா, பழமா?”

கேட்டவர் தங்கமாரியப்பன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதில், தூத்துக்குடியில் ஜெசிந்தாவிடம் ஓவியம் கற்கிறார். ஜெசிந்தா அவரைவிட இருபது வயது இளையவர்.

வகுப்புச் சுவரில் இருந்தது அந்தப் படம். கடலுக்கு மேலே, எதிலும் தொங்காமல், ஒரு மனிதனின் விலா எலும்புக்கூடு மிதக்கிறது. உள்ளே மாதுளை, ஆப்பிள், சாத்துக்குடி. இடுக்கு வழியே பிதுங்கிக் கடலில் விழுகின்றன.

“நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?”

“எலும்பு சாவு. பழம் செழிப்பு. எவ்வளவு நிறைஞ்சு இருந்தாலும் கடைசியில எல்லாம் கடலுக்குத்தான்.”

“போன மாசம் வேற சொன்னீங்களே.”

“போன மாசம் எனக்கு ஆபரேஷன் தேதி குறிக்கலை.”

வியாழக்கிழமை அவருக்கு இதய அறுவை சிகிச்சை. ஒரு வாரமாக அவர் தூரிகையைத் தொடவில்லை.

ஜெசிந்தா எழுந்தார். படத்தைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் மூணு மாசம் படுக்கையில கிடந்தார். விலா எலும்பை எண்ணிடலாம். பார்க்க வந்தவங்க எல்லாரும் பழம் கொண்டுவந்தாங்க. அவரால ஒரு சுளை முழுங்க முடியல. கட்டிலுக்கு அடியில பழம், பீரோ மேல பழம். கண்ணால பார்த்ததைத்தான் வரைஞ்சேன்.”

“அப்போ கடல்?”

“எங்க வீட்டு ஜன்னல்ல தெரியும்.”

தங்கமாரியப்பன் நாற்காலியை ஜெசிந்தா பக்கம் திருப்பிப் போட்டார்.

“அவ்வளவு பழத்தையும் என்ன பண்ணினீங்க?”

“தெருப் பிள்ளைங்களுக்கு ஜூஸ் போட்டேன். அவர்தான் போடச் சொன்னார். குடிச்சுட்டு ஒவ்வொண்ணா அவர் கட்டில்கிட்ட வந்து நாக்கை நீட்டும். நிறத்தைப் பார்த்து அவர் என்ன பழம்னு சொல்லணும். அது ஒரு விளையாட்டு.”

“சரியாச் சொல்வாரா?”

“மாதுளை மட்டும் தப்பாது. மத்ததெல்லாம் சும்மா அடிச்சு விடுவார். பிள்ளைங்க சண்டைக்குப் போகும். அதுக்காகவே தப்பாச் சொல்வார்.”

தங்கமாரியப்பன் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் வீட்லயும் நாலு பை கிடக்கு டீச்சர். பார்க்க வர்றவங்க கொடுத்தது. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கலை.”

“நாளைக்கு எடுத்துட்டு வாங்க சார். வகுப்புக்குப் பதிமூணு பேர் வர்றாங்க.”