செசிலி அம்மாளின் நீல ஒயர்

ஒரு வழக்குச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. கேட்டுவிட்டு, "எல்லாம் தலையெழுத்து" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆட்கள் இப்போதே போய்விடலாம்.

நாசரேத்தில் செசிலி அம்மாள் தனியாக இருந்தாள். ஒரே மகன் ரூபனுக்கு மஸ்கட்டில் வேலை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் செய்வான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று அதே கேள்விகள்தான். அவளும் அதே பதில்களைத்தான் சொல்வாள்.

போன விடுமுறையில் வந்தபோது அவன் வீட்டு வாசலிலும் ஹாலிலும் கேமரா வைத்தான். பூட்டிக் கொடுத்தவன் உள்ளூர் சுடலைமணி. ரெக்கார்டர் பெட்டி ஹாலில் உயரமான பலகையில். அதிலிருந்து ஒரு நீல ஒயர் இறங்கி, கீழே டி.வி. பக்கத்தில் இருக்கும் மோடத்துக்குப் போகும்.

"இந்த ஒயர் வழியாத்தாண்ணே படம் மஸ்கட்டுக்கு வரும். இதைப் புடுங்குனா அங்க படம் நின்னுரும். பெட்டி மட்டும் இங்க பதிஞ்சிகிட்டேதான் இருக்கும்" என்று விளக்கி, ரூபனின் போனில் ஆப்பை ஏற்றி, படத்தை வரவைத்துக் காட்டினான் சுடலைமணி. செசிலி அம்மாளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை மறந்துவிடாதீர்கள்.

ரூபன் மஸ்கட்டுக்குத் திரும்பினான். "பாருல, எங்கம்மா வாசல் தெளிக்கா" என்று கூட்டாளிகளுக்கெல்லாம் போனைக் காட்டினான். தினம் வந்த போன் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதுதான் கண்ணால் பார்க்கிறானே! அவளாகக் கூப்பிட்டாலும், "படத்துல பாத்துகிட்டுதாம்மா இருக்கேன். நல்லாத்தான இருக்க? பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவான். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். கேமராவுக்கு முன்னால் எல்லாரும் நல்லாத்தான் இருப்பார்கள், அது அவனுக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் படம் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. ரூபன் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிடுவான், உடனே சுடலைமணியையும் கூப்பிடுவான். சுடலைமணி வந்து பார்த்தால், மோடத்தில் நீல ஒயர் கழன்று கிடக்கும். ஒயரின் தலையை மாற்றினான். மறுபடியும் கழன்றது. எலி வேலையோ என்று டி.வி.க்குப் பின்னால் டார்ச் அடித்தும் பார்த்தான். கடைசியில்தான் புரிந்தது.

"எம்மா, இது தானா கழலாது. நீங்கதான் புடுங்குதியளா?"

அவள் முகம் சிறுத்துப்போனது. "ஆமாய்யா. அவங்கிட்ட மட்டும் சொல்லிராத. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

வீட்டுக்குள் நடமாடக் கூச்சப்படுகிறாள் போல என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். சத்தியம் செய்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ரூபனின் போன் வந்தது. "அம்மா, படம் வரல. கரண்டு இருக்கா? நீ நல்லாருக்கியா?"

"எல்லாம் இருக்குய்யா. உனக்கு இருமல் விட்டுச்சா? என்ன சாப்பிட்ட?" பேச்சு நீண்டுகொண்டே போனது. ஒயரை மாட்டப் போன சுடலைமணியைப் பார்த்து, 'பொறு, இப்ப மாட்டாத' என்று கையைக் காட்டினாள். அதையும் பார்த்தான் பாவி. பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், சும்மா சும்மா வந்து நிற்கவும் முடியாது. அதனால் ரூபனிடம் ஒரு பொய் சொன்னான். "உங்க ஏரியாவுல லைன் அப்படித்தாண்ணே. விட்டு விட்டுத்தான் வரும். படம் போனா பதறாதிய, தானா வந்துரும்."

ரூபன் நம்பினான். பதறுவதை விட்டான்.

ஒருநாள் காலை படம் நின்றது. 'தானா வந்துரும்' என்று அம்மாவைக் கூப்பிடாமலே அவன் வேலையைப் பார்க்கப் போனான். மத்தியானம் மீன் கொண்டுவந்த பாக்கியம், உள்ளே முனகல் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டாள். கதவை உடைத்துப் பார்த்தால், செசிலி அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து ஹாலில் கிடந்தாள்.

ரூபன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். பெட்டியில் பதிவாகியிருந்ததைச் சுடலைமணி ஓட்டினான். அவள் நீல ஒயரைப் பிடுங்குகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறாள். போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறாள். ஒயர் சரியாகக் கழலவில்லையோ என்று குனிந்து பார்க்கிறாள். மறுபடியும் உட்காருகிறாள். வெகுநேரம் கழித்து ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, மேலே பெட்டியிலிருக்கும் மற்ற ஒயர்களை எட்டுகிறாள். ஸ்டூல் சாய்ந்துவிட்டது. படம் பார்த்த ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் முந்திக்கொண்டாள். "புடுங்குனது நான், ஏறுனதும் நான். எம்மேலதான் தப்பு."

"இல்லம்மா, பேசாம இருந்தது நான்" என்று ரூபன் அழுதான்.

"பேச விடாம ஆக்குனது நான்தாண்ணே. நான் சொன்ன பொய்தான்" என்றான் சுடலைமணி.

இப்போது சொல்லுங்கள். தப்பு என்னுடையது என்று மூன்று பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். மூவரில் யார் தப்புப் பெரியது?

என் தீர்ப்பு இது. அம்மாளை விட்டுவிடுங்கள். மகன் குரலைக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சுடலைமணி, "ஏம்மா புடுங்குதிய?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சத்தியத்தை மீறாமலே, "அம்மாகிட்ட அடிக்கடி பேசுங்கண்ணே" என்று சொல்லியிருப்பான். அவன் தப்பு சின்னதில்லை. ஆனாலும் அந்தப் பொய் பலித்தது எதனால்? ரூபன் பார்ப்பதே போதும் என்று பேசுவதை நிறுத்தியிருந்ததால். பெரிய தப்பு அவனுடையது. அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். அம்மாவுக்குத் துணையாக ஓர் ஆளை வைத்துவிட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது, அந்த நீல ஒயரைச் சுருட்டித் தன் சூட்கேஸுக்குள் வைத்துக்கொண்டு போனான். இனி அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், அவன் அவளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.