கட்டிப் போடச் சொன்னவன்

"என்னை அசையாமக் கட்டிப் போடுங்க மாஸ்டர்," என்றான் தனபால்.

ஹெப்சிபா ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"தூக்கம் வருதுங்களா?"

"வருது. முழிச்சிருக்கறப்பத்தான் உருளறேன்."

போன மாதம், கோவைக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில், அவன் கார் உருண்டது. ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தான். ஆனால் அந்த உருளல் அவனுக்குள் இன்னும் நிற்கவில்லை.

தன் பேக்கரியின் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். திடீரென்று சத்தமெல்லாம் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்கள் மெல்ல மேலெழும். வானம் காலடிக்கு வந்து நிற்கும். மண் துகள்கள் அவசரமே இல்லாமல் முகத்தைக் கடந்து போகும்.

"அண்ணா, ரெண்டு டீ" என்று யாராவது சொன்னதும், எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பும்.

ஹெப்சிபா அவனைவிட வயதில் சிறியவள். ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். வேகத்தில் வளைவு எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"என்னென்ன வேணும், சொல்லுங்க."

"ஆறு வார் வச்ச பெல்ட். கவுந்தாலும் கூரையைத் தாங்கற மாதிரி ரோல் பார். எல்லாத்துலயும் கெட்டியானது எதுவோ அது."

"எந்த வண்டிக்கு?"

"உருண்டு சரி பண்ணின அந்த ஒரே வண்டிதானே இருக்கு. கடைக்குப் போறதும் அதுதான், பாப்பாவை ஸ்கூல்ல விடறதும் அதுதான். ஞாயித்துக்கிழமை தடத்துக்கும் அதேதான்."

அவள் தலையசைத்தாள். பட்டறையின் மூலையில் அதே மாதிரிக் கார் ஒன்று நின்றது. அவள் பாடம் நடத்தும் வண்டி. உள்ளே குழாய்கள் கூண்டுபோல் வளைந்து ஓடின.

"உக்காருங்க."

தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே இரண்டு. எல்லாம் வயிற்றின் மேல் ஒரு வட்டப் பூட்டில் வந்து சேர்ந்தன. அவள் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினாள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள்.

"மூச்சு விட முடியுதா?"

"அது போதும்."

வண்டியைத் தடத்துக்கு எடுத்தான். அங்கே பனி இறங்கியிருந்தது. ஓரத்துப் புல்லில் மயில் ஒன்று நின்று பார்த்தது. வளைவுகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன, போயின. கார் எங்கே முடிகிறது, தன் உடம்பு எங்கே தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வானம் மேலேயே இருந்தது.

வண்டியை நிறுத்தியபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"இதேதான் மாஸ்டர். இப்படியே போட்டுக் கொடுத்திடுங்க."

ஹெப்சிபா பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"கடைக்கு விடுங்க."

"இதுலயா?"

"இதேதான்னீங்களே."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தான். கடைக்குப் போகிறவன் ஹெல்மெட் போட்டுக்கொண்டா கார் ஓட்டுவான்? வாரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டான்.

முதல் வேகத்தடையில் வண்டி குலுங்கியது. இரும்புக் குழாய் அவன் தலையில் 'ணங்' என்றது.

ஒரு கையால் தலையைத் தடவிக்கொண்டான்.

"ஸ்பாஞ்ச் சுத்திக்கலாமா?"

ஹெப்சிபா தன் பக்கத்துக் குழாயில் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைக் காட்டினாள். அவன் கை நீட்டி அழுத்திப் பார்த்தான். கட்டைபோல் இருந்தது.

"ஹெல்மெட் போட்ட தலைக்குச் செஞ்சது," என்றாள்.

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். தோள் வார்கள் இரண்டும் பின்னோக்கிப் போய்க் குறுக்குக் குழாயில் முடிந்திருந்தன. அந்தக் குழாய் இருந்த உயரத்தில்தான் பாப்பாவின் முகம் இருக்கும். பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் அவள் அங்கிருந்துதான் கதை சொல்லிக்கொண்டு வருவாள்.

"சரி, கூண்டு வேண்டாம்," என்றான் கடைசியில். "பெல்ட் மட்டும் போடுங்க."

"போன மாசம் உருண்டப்போ கூரை எந்தப் பக்கம் அமுங்குச்சு?"

"என் பக்கம்."

"நீங்க எப்படி இருந்தீங்க?"

"பக்கத்து சீட்டுல சாஞ்சு கிட..."

அவன் முடிக்கவில்லை. வார்கள் அவனை இருக்கையோடு நிமிர்த்திப் பிடித்திருந்தன. தலைக்கு நேர் மேலே கூரை. அன்றைக்கும் இப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் என்று நினைத்து, ஒரு கையை உயர்த்தி அந்தக் கூரையைத் தொட்டுப் பார்த்தான்.

சாலையிலும் பனி இருந்தது. முன்னால் போன பஸ் அதற்குள் கரைந்தது. இரண்டு ஓரத்திலும் மரங்கள் மிதந்து வருவதுபோல் வந்தன.

"அப்போ எதைத்தான் மாஸ்டர் போடறது?"

அவள் எதிரே சாலையைக் காட்டினாள்.

ஒரு தெருமுனை வந்தது. இளநீர் வண்டி ஒன்று இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவன் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்க்கப் போனான். வார் விடவில்லை. கழுத்தை மட்டும் நீட்டினான். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினான்.

ஹெப்சிபா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

ஒரு ஸ்கூட்டர் காரின் மூக்குக்கு முன்னால் தள்ளாடி நின்றது.

ஓட்டி வந்தவள் காலை ஊன்றிக்கொண்டாள். அவள் முதுகோடு ஒட்டி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் அதைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

அவள் திட்டவில்லை. தனபாலைப் பார்க்கக்கூட இல்லை. கை மட்டும் வயிற்றுப் பக்கம் போய் முடிச்சைத் தடவிப் பார்த்தது. அதை அவிழ்த்து இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள். பின்னால் கையை விட்டுக் குழந்தையின் முதுகைத் தொட்டுக்கொண்டாள்.

ஸ்கூட்டர் மெதுவாகப் பனிக்குள் போய் மறைந்தது. குழந்தை விழிக்கவே இல்லை.

தனபால் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து தான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்தன. அந்தக் குழந்தை அதில் எதிலும் இல்லை.

வயிற்றின் மேலிருந்த வட்டப் பூட்டைத் திருகினான். ஆறு வார்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. காரோடு வந்த சாதாரணப் பெல்ட் தோளோரம் தொங்கியது. ஹெப்சிபா அதை எடுத்து நீட்டினாள். மாட்டிக்கொண்டான்.

நெஞ்சு ஸ்டீயரிங்கைத் தொடும் வரை முன்னால் சாய்ந்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். மறுபடியும் இடது பக்கம்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"போலாங்களா?" என்றாள் ஹெப்சிபா.

"இருங்க மாஸ்டர், இன்னும் பாக்கறேன்."